ஸ்போர்ட்ஸ் காரும் உழவு டிராக்டரும் கொதிப்பது ஏன்?

மோட்டார் யந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறுவது, ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் சீமான்களுக்கு மட்டும் உரிய தொல்லையன்று. நெல் வயலில் சேறு கலக்கும் டிராக்டரும், கிணற்றங்கரையில் இறைக்கும் எண்ணெய் யந்திரமும், மூட்டை ஏற்றிச் செல்லும் லாரியும் இதே நோயால் நடுவழியில் நிற்பவையே. ஆயினும் நோயைக் கற்றறிவதற்கு ஸ்போர்ட்ஸ் காரே தக்க பாடமாகும். அதன் யந்திரம் சிறிது. அதனிடம் வாங்கும் வேலையோ பெரிது. முகம் தாழ்ந்து, காற்று நுழையும் வாய் குறுகி, கை நுழையவும் இடமின்றி யாவும் நெருக்கி அடைக்கப்பட்டிருப்பதால், குளிர்ச்சி அமைப்பில் எள்ளளவு குறை நேர்ந்தாலும் அது உடனே வெளிப்பட்டுவிடும். டிராக்டரில் அதே குறை இரண்டு பருவம் மறைந்திருந்து, மூன்றாம் பருவத்தில் நாற்று முற்றி நிற்கும் நாளில் யந்திரத்தையே பாழாக்கும்.

சென்னை நகரின் வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாய் எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் துறைமுகப் பகுதி, மோட்டார் யந்திரத்தோடு நெடுநாள் உறவுடையது. 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டிலேயே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியிட்டது. 1955-இல் அதுவே அசோக் லேலண்டு எனப் பெயர் மாறி, லாரி, பஸ்களுக்குப் பேர்போனதாயிற்று. அதே ஆண்டில் தோன்றிய என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யத் தலைப்பட்டது. எண்ணூருக்கு மேற்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. 1953-இல் அமைந்த சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை திறக்கப்படுவதற்கு முன், பல்லாண்டுகள் அவ்வோடுபாதையில்தான் கார்ப் பந்தயம் நடத்தினர். ஆக, கார் நகர வழியின்றிக் கொதிக்கும் சாலையும், பறந்து செல்லும்போதே கொதிக்கத்தக்க பாதையும் ஒரே வட்டாரத்தில் அமைந்துவிட்டன. நோயின் காரணத்தைப் பிரித்தறிய இவ்விரண்டுமே நல்ல உதாரணங்கள்.

பெட்ரோலோ டீசலோ எரிவதனால் உண்டாகும் உஷ்ணம் முழுவதும் வேலையாக மாறிவிடுவதில்லை. பொதுவாய்ச் சொன்னால், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மூன்றிலொரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாய்ப் போகிறது. எஞ்சிய பங்கைத் தண்ணீர் சுமந்து சென்று காற்றினிடம் ஒப்படைத்தாக வேண்டும். சிலிண்டரின் சுவரைத் தழுவி ஓடும் தண்ணீர் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு, தெர்மாஸ்டாட் என்னும் வாயிலைக் கடந்து, மேல் ஹோஸ் குழாய் வழியாக ரேடியேட்டரை அடைகிறது. அங்கே மெல்லிய குழல்களின் ஊடே செல்லும்பொழுது, குழல்களை ஒட்டிய தகட்டு இறக்கைகளின் இடையே வீசும் காற்று அவ்வுஷ்ணத்தைக் கவர்ந்துகொள்கிறது. ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாகத் திரும்ப, பம்பு அதனை மறுபடியும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அமைப்பு இவ்வளவே. கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது, ஏரியில் நீர் இருக்கிறதா, மதகு திறந்திருக்கிறதா, வாய்க்காலில் அடைப்பா என்று குடியானவர் வரிசையாய்ப் பார்த்துச் செல்வதுபோல, உஷ்ணம் செல்லும் இவ்வழியையும் தலையிலிருந்து கடைவரை பார்த்துச் செல்ல வேண்டும். அவ்வாறு பாராமல், கொதித்தவுடனே புது ரேடியேட்டர் வாங்கிப் பூட்டுவோர் பலர். பணம் போகிறது, கொதிப்பு நிற்கிறது.

திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளில் இத்தனை குழாயும் பம்பும் இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள இறக்கைகளே உஷ்ணத்தை நேராகக் காற்றிடம் விட்டுவிடும். ஒற்றைச் சிலிண்டருக்கு அது போதும். எனினும் அக்குலத்து வண்டிகளிலும் தண்ணீர்க் குளிர்ச்சியுடைய யந்திரம் 2023-இல் வந்துவிட்டது. விசை கூடக்கூடக் காற்று மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

நோய் கண்ட வண்டியிடம் முதன்முதல் கேட்க வேண்டிய கேள்வி, எந்த நிலையில் கொதிக்கிறது என்பதே. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் பின்னே அகப்பட்டு, ஓரடி நகர்வதும் நிற்பதுமாயிருக்கும்போது உஷ்ணமானி ஏறி, சாலை திறந்தவுடன் தானே இறங்கிவிடுகிறதா? அப்படியானால் தண்ணீர் நன்றாகவே சுற்றுகிறது; காற்றுதான் போதவில்லை. குற்றம் பெரும்பாலும் விசிறியைச் சார்ந்தது. அன்றி, நகரத் தெருக்களில் ஒன்றுமில்லாதிருந்து, நீண்ட சாலையில் வேகம் பிடித்த பின்னரே ஏறுகிறதா? சோழவரத்து ஓடுபாதைபோன்ற நேர்பாதையில், விசைமிதியைத் தரையோடு அழுத்திச் செல்லும் வண்டிக்கு நேரும் கொதிப்பு இவ்வகையைச் சேர்ந்தது. அப்போது காற்றுக்குக் குறைவில்லை. உண்டாகும் உஷ்ணத்தைச் சுமக்கத் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். இரண்டு நிலையிலும் கொதித்தால், தண்ணீரின் அளவு, மூடி, தெர்மாஸ்டாட், கேஸ்கெட் ஆகிய பொதுக் காரணங்களை நாடுதல் வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

நின்றவிடத்தில் கொதிக்கும் வண்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது விசிறி சுழலாவிட்டாலும் காற்று தானாகவே ரேடியேட்டரில் புகும். நிற்கும்போது விசிறி ஒன்றே கதி. பெல்ட்டினால் சுழலும் பழைய வகை விசிறியாயின், இரு கப்பிகளுக்கும் இடையே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சுமார் அரை அங்குலம் தாழ்வது சரி. அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்குகிறது என்று பொருள். பெல்ட்டின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தாலும் அவ்வாறே. மின்சார விசிறியாயின், யந்திரம் சூடேறும்வரை நிறுத்திவைத்து அது தானே ஓடத் தொடங்குகிறதா என்று காண வேண்டும். ஏர் கண்டிஷன் உள்ள வண்டிகள் பலவற்றில் அதனைப் போட்டவுடனே விசிறி ஓடும். அப்போது ஓடி, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லையெனில், விசிறி நல்லது. உஷ்ணத்தை அறிந்து அதனை ஓட்டும் சுவிட்சிலோ அதன் கம்பியிலோ பழுது.

விசிறி ஓடுவது மட்டும் போதாது. காற்றை எப்பக்கம் தள்ளுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழுது பார்த்துத் திரும்பப் பூட்டும்போது இரு கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டால், முன்னிருந்து இழுக்க வேண்டிய விசிறி பின்னிருந்து ஊதும். வண்டி ஓடுகையில் எதிர்க்காற்றும் விசிறிக் காற்றும் மல்லுக்கட்டும். சோதனை எளிது: ரேடியேட்டரின் முன்புறம் ஒரு செய்தித்தாளைப் பிடித்தால், அது உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும், பறந்து வெளியே வந்தால் கம்பி மாறியிருக்கிறது. விசிறியைச் சுற்றியுள்ள கூண்டுத் தகட்டையும் கழற்றிவிட்டு, இடம் போதவில்லை என்று மூலையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. கூண்டு இல்லாத விசிறி, தான் தள்ளிய காற்றையே ஓரங்களின் வழியாய் மீண்டும் இழுத்துச் சுழற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டருக்கு அதனால் பயனில்லை.

இப்பகுதியில் ரேடியேட்டரின் முகமும் விரைவில் மூடிக்கொள்ளும். சாலைப் புழுதியும், நிலக்கரித் தூளும், அனல் மின்நிலையச் சாம்பலும் எண்ணூர்ப் பக்கத்தார் நெடுங்காலமாய் அறிந்தவை. எண்ணூரின் பழைய அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. யந்திரத்தில் சிறிது எண்ணெய்க் கசிவும் சேர்ந்துவிட்டால், இத்தூசு இறக்கைகளில் பூசிய சாந்துபோல் இறுகும். கடற்காற்றின் உப்போ தகட்டு இறக்கைகளை அரித்து, விரல் பட்டால் உதிரும் நிலைக்குக் கொண்டுவரும். ஏர் கண்டிஷன் வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னே மற்றொரு தட்டு நிற்பதால், முன்னிருந்து பார்க்கையில் எல்லாம் சுத்தமாகவே தோன்றும். குப்பை இரண்டுக்கும் நடுவே கிடக்கும். கழுவும்போது யந்திரப் பக்கமிருந்து வெளிப்புறமாய், மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட வேண்டும். லாரி கழுவும் பலத்த தாரையைக் கிட்டத்தில் பிடித்தால் இறக்கைகள் படுத்துக் காற்றுவழி முன்னிலும் மோசமாய் அடையும்.

வேகத்தில் கொதிக்கும் வண்டிக்குக் கைவைத்துப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. அதற்கு ஒரு காசும் செலவில்லை. யந்திரம் நன்றாய்ச் சூடேறிய பின் நிறுத்திவிட்டு, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் வெளிப்புறமாய், ஒரு துணி சுற்றிய கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மின்சார விசிறி யந்திரம் நின்ற பின்னும் திடீரெனச் சுழலும் ஆதலால், விரல்கள் அதன் பக்கம் போகலாகாது. உஷ்ணமானி உச்சியில் நிற்க, மேல் ஹோஸ் வெதுவெதுப்பாயிருந்தால், தெர்மாஸ்டாட் திறக்கவில்லை அல்லது பம்பு தள்ளவில்லை. மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால், தண்ணீர் ரேடியேட்டரைக் கடந்து வரவில்லை, உள்ளே அடைப்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாயிருந்தால், தண்ணீர் ஓடுகிறது, ஆனால் காற்று உஷ்ணத்தை வாங்கவில்லை. ரேடியேட்டர் முகத்தில் அங்கங்கே கைவைத்தால், அடைபட்ட குழல்கள் உள்ள இடம் குளிர்ந்த திட்டாகத் தெரியும். இக்காலத்தில் தொடாமலே சூட்டை அளக்கும் துப்பாக்கி வடிவ உஷ்ணமானிகள் மலிவாய்க் கிடைக்கின்றன. ஒன்று வாங்கி வைப்பது நலம்.

கீழ் ஹோஸ் பம்பின் இழுப்பில் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுவர். பழைய ரப்பர் தளர்ந்துவிட்டால், யந்திரம் வேகமாய்ச் சுழலும்போது அந்த ஹோஸ் உறிஞ்சப்பட்டு அப்பளம்போல் ஒட்டிக்கொள்ளும். நிறுத்திப் பார்த்தால் மீண்டும் உருண்டையாய், யோக்கியமாய் இருக்கும். ஆகையால் வண்டி நிற்கையில் ஒருவர் விசையைக் கூட்ட, மற்றொருவர் தள்ளி நின்று ஹோஸைக் கவனிக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய வேறொரு காரணமும் உண்டு. அவற்றுள் பல, காற்றை முன்முகத்தால் வாங்காமல், முன்பம்பருக்குக் கீழே தொங்கும் தகட்டின் உதவியால் அடியிலிருந்து வாங்குகின்றன. வேகத்தடையில் இடித்து அத்தகடு ஒருநாள் பெயர்ந்து விழும்; அழகுக்காக வைத்தது போலும் என்று எண்ணி உடையவர் விட்டுவிடுவார். அன்று முதல் நெடுஞ்சாலையில் கொதிப்பு தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க முடியாமல் யந்திரத்தையே பிரித்தவர்களும் உண்டு.

இவ்வட்டாரத்துக்கு மிக முக்கியமான காரணம் தண்ணீர்தான். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்குமாக 1960-களில் தொடங்கி ஏராளமாய் நீர் இறைக்கப்பட்டதனால், நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்தது. 1969-க்குள் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரமும், 1980-களில் அதன் இருமடங்குக்கு மேலும் அது உள்நாட்டை நோக்கி நகர்ந்தது. பயிருக்கு அதனால் நேர்ந்த கேட்டை அப்பகுதி விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. உவர்நீர் பாய்ந்த வயல் எப்படிச் சோர்கிறதோ, அதே நீர் ஊற்றிய ரேடியேட்டரும் அப்படியே சோர்கிறது. வேறுபாடு யாதெனில், வயலில் வெள்ளை பூப்பது கண்ணுக்குத் தெரியும். யந்திரத்தின் உட்சுவரில் படிவது தெரியாது.

கடின நீர் சூடேறும்போது சுண்ணாம்புச் சத்து பிரிந்து, மிகச் சூடான இடத்தில், அதாவது சிலிண்டர்த் தலையைச் சுற்றியுள்ள குறுகிய வழிகளில், கல்லாய்ப் படியும். கஞ்சி காய்ச்சும் பானையின் அடியில் படிவதும் அதுவே. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அப்படிவு, இருபது மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இரும்புச் சுவருக்கு ஈடாய் உஷ்ணத்தைத் தடுத்து நிறுத்தும். தண்ணீர் நிறைந்திருக்கும், பம்பு சுழலும், ரேடியேட்டரும் புதிதாயிருக்கும். ஆயினும் சுவரிலுள்ள உஷ்ணம் தண்ணீருக்கு வந்து சேராது. உப்புச் சத்தோ வேறு விதமாய்க் கெடுக்கும். இக்காலத்துச் சிலிண்டர்த் தலைகளும் ரேடியேட்டர்களும் பெரும்பாலும் அலுமினியத்தாலானவை. உப்பு நீர் அலுமினியத்தில் ஊசி குத்தினாற்போல் துளையிடும். கேஸ்கெட் அமரும் சமதளமே அரிபட்டுப்போனால், புதுக் கேஸ்கெட் போட்டும் நிற்காது. கடலில் ஓடும் விசைப்படகுகளிலும்கூட, யந்திரத்துக்குள் நன்னீரைச் சுற்றவிட்டு, அந்த நன்னீரைக் குளிர்விக்க மட்டும் தனிக் குழல்களில் கடல்நீரை ஓடவிடும் முறை கையாளப்படுகிறது. காசிமேட்டுத் துறைமுகத்தருகே வண்டிக்குத் தெருக்குழாய்க் கிணற்று உவர்நீரை ஊற்றுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே ரேடியேட்டருக்கும் ஏற்றது. அது கிடைக்காவிடில், சுத்தமான மாடியிலிருந்து முதல் மழை கழிந்த பின் பிடித்த மழைநீர் கிணற்று நீரைவிடப் பன்மடங்கு மேலானது. தமிழ்நாட்டில் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டபின், ஒரு குடம் மழைநீருக்குப் பஞ்சம் இருக்க நியாயமில்லை. ஆனால் வெறும் நீர் எவ்வளவு தூயதாயினும் உலோகத்தைத் துருவேற்றும். ஆதலால் கம்பெனியார் குறிப்பிட்ட கூலண்டைக் குறிப்பிட்ட அளவில் கலத்தல் வேண்டும். பனி பெய்யாத ஊரில் உறைபனிக்குரிய சரக்கு எதற்கு என்று கேட்பது வழக்கம். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு குணமே. அரிப்பைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் நம் நாட்டுக்கு வேண்டிய குணங்கள். அதற்காகத் தண்ணீர் கலவாமல் முழுக் கூலண்டையே ஊற்றிவிடுவதும் பிழை. சமபாகம் கலந்த கிளைக்கால் நீர், வெறும் தண்ணீரைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவாகவே உஷ்ணத்தைச் சுமக்கும். முழுக் கிளைக்கால் இன்னும் குறைவாகச் சுமக்கும்.

படிந்த கல்லைக் கரைக்க, இரும்பு யந்திரமும் பித்தளை ரேடியேட்டருமாயிருந்த காலத்தில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கழுவுவது நல்ல முறையாகவே இருந்தது. அலுமினிய யந்திரத்தில் அதனைச் செய்யலாகாது. சோடா அலுமினியத்தையே தின்னும். கம்பெனியார் அனுமதிக்கும் கழுவு மருந்தையே உபயோகித்து, பின்னர் நல்ல நீரால் பலமுறை அலச வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றிக் கீழ்வாயிலிருந்து மேல்வாய்க்குத் தண்ணீரைத் தலைகீழாய் ஓட்டினால், தளர்ந்த வண்டல் வெளியேறும்.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று எண்ணுவது பெரும் பிழை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 15 ராத்தல் அழுத்தத்தைத் தாங்கும் மூடி அடைத்திருக்கும்போது, ஏறத்தாழ 120 டிகிரி வரை அது கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, அல்லது சுருள்வில் சோர்ந்து அழுத்தம் நிற்காமற்போனால், முன்பு கொதிக்காத சூட்டிலேயே தண்ணீர் ஆவியாய் வெளியேறும். மூடியின் விலை சில நூறு ரூபாய்; அதனை மாற்றாமல் யந்திரத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சூடாயிருக்கும் மூடியைத் திறப்பவருக்கு நேரும் கேடோ அதனினும் கொடிது. அழுத்தம் நீங்கிய அக்கணமே 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர் முழுவதும் பொங்கி, முகத்திலும் மார்பிலும் பாயும். யந்திரத்தை நிறுத்தி அரை மணிக்குக் குறையாமல் ஆறவிட்டு, மேல் ஹோஸை அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் நிலை வந்த பின்னரே, கனத்த துணியைப் போர்த்தி, முகத்தை விலக்கி, மூடியைச் சிறிது சிறிதாய்த் திருப்ப வேண்டும்.

தெர்மாஸ்டாட்டைப் பற்றி ஒரு வழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. உஷ்ண தேசத்துக்கு அது வேண்டியதில்லை என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது சரியன்று. சுமார் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும்படி அமைந்த அவ்வாயில், யந்திரம் சீக்கிரம் தன் சரியான சூட்டை அடைய உதவுகிறது. அது இன்றேல் யந்திரம் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, எரிபொருள் வீணாகி, சிலிண்டர்ச் சுவர் தேயும். சில வகை யந்திரங்களில் தெர்மாஸ்டாட் திறக்கும்போதே சிறு பக்கவழி ஒன்றை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் பக்கவழி மூடாமல், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும். கொதிப்பைக் குறைக்கச் செய்த காரியம் கொதிப்பை வளர்க்கும். ஐயமிருப்பின், அதனை ஒரு நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாதபடி தொங்கவிட்டு, உஷ்ணமானியுடன் அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். குறித்த சூட்டில் வாய் திறந்தால் நல்லது. இல்லையேல் புதிது போட வேண்டும்.

கூலண்டு மாற்றிய மறுநாளே கொதிக்கத் தொடங்கும் வண்டியில் காற்று அகப்பட்டிருக்கிறது என்று துணியலாம். ஸ்போர்ட்ஸ் காரின் முகம் தாழ்ந்திருப்பதால், ரேடியேட்டரின் வாய் யந்திரத்தின் உச்சியைவிடக் கீழே இருப்பதுண்டு. யந்திரம் இருக்கைக்குப் பின்னும், ரேடியேட்டர் முன்னுமாக அமைந்த கார்களில் நீண்ட குழாய்கள் வண்டியின் அடிவழியே ஓடும். இவற்றில் தண்ணீர் நிறைந்துவிட்டதுபோல் வாய்வரை தளும்பும். உள்ளே உச்சியில் காற்றுக் குமிழி நிற்கும். காற்று நிற்கும் இடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் உலோகம் பழுக்கும். உஷ்ணமானியின் முனை காற்றில் அகப்பட்டால் அதுவும் பொய் சொல்லும். ஆகவே வண்டியின் முன்புறத்தைச் சரிவில் உயர்த்தி, காற்று நீக்கும் திருகாணிகளைத் திறந்து, குமிழியின்றி நீர் வரும் வரையில் பொறுமையாய் ஊற்ற வேண்டும்.

சிலிண்டர்த் தலையின் கேஸ்கெட் பழுதுபட்டதா என்பது கடைசியாகப் பார்க்க வேண்டியது. ஆனால் அடையாளங்கள் தெரிந்திருப்பின் அலட்சியம் செய்யலாகாது. குளிர்ந்த யந்திரத்தில் மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால், ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழி எழும். குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கிய ஒரு நிமிஷத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாய் இறுகும். புகைக்குழாயில் வெண்புகை நிற்காது. எண்ணெய் அளக்கும் கோலில் மோர் கலந்தாற்போன்ற நிறம் காணும். இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே லாபம்.

உழவு டிராக்டருக்கு மேற்சொன்ன யாவும் பொருந்தும். அதன் நிலைமை மட்டும் வேறு. சேற்றுழவில் டிராக்டர் ஆமைநடையில் ஊர்ந்து, முழுப்பாரத்தை இழுக்கிறது. பந்தயக் காருக்குரிய உஷ்ணமும், சாலை நெரிசலில் அகப்பட்ட காருக்குரிய காற்றுப் பஞ்சமும் அதற்கு ஒருங்கே வாய்த்திருக்கின்றன. எனவே பெல்ட்டும் விசிறியும் டிராக்டருக்கு உயிர்நாடி. கதிரடிக்கும் காலத்தில் பொன்னேரி, மீஞ்சூர் வயல்களில் பறக்கும் பதரும் வைக்கோல் தூசும் சில மணி நேரத்திலேயே ரேடியேட்டர் முன்னுள்ள வலையை மூடிவிடும். மதிய உணவுக்கு நிறுத்தும்போதெல்லாம் யந்திரத்தை அணைத்துவிட்டு அவ்வலையைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இறைக்கும் கிணற்று நீரிலேயே சிறு பங்கைத் திருப்பி உடலுக்குள் ஓடவிடும் எண்ணெய் யந்திரங்களில், உவர்க் கிணறாயின் படிவு மிக விரைவில் சேரும். வெளியேறும் நீரின் அளவு முன்னைவிடக் குறைந்து, சூடு முன்னைவிட மிகுந்தால் அதுவே எச்சரிக்கை.

வழியில் கொதித்த வண்டிக்குச் செய்ய வேண்டியது சிறிதே. ஏர் கண்டிஷனை நிறுத்தி, உள்ளே அனல் விடும் ஹீட்டர் இருந்தால் அதனை முழுதும் திறக்க வேண்டும். சித்திரை வெயிலில் அது கொடுமைதான். எனினும் ஹீட்டர் மற்றொரு சிறு ரேடியேட்டராய் உதவும். உஷ்ணமானி இறங்காவிட்டால் உடனே ஓரங்கட்டி யந்திரத்தை நிறுத்துதல் வேண்டும். இன்னும் ஒரு மைல்தானே என்று ஓட்டிய அந்த ஒரு மைலில் அலுமினியத் தலை வளைந்துவிடும். கொதித்த யந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணும். ஆறிய பின்னரே, யந்திரத்தை மெதுவாய் ஓடவிட்டுக்கொண்டு, சிறிது சிறிதாய் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குக் குடிக்கும் நீரை ஊற்றினாலும் குற்றமில்லை. ஊர் சேர்ந்ததும் அதனை வடித்துவிட்டு, முறையான கலவையை நிரப்பிக்கொள்ளலாம்.

வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது என்பதைப் பலர் நினைப்பதேயில்லை. கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது, கடும் விஷம். பட்டறை வாசலில் ஒரு தட்டில் நிற்கும் அதனை நாய் நக்கினாலும், கன்றோ ஆடோ குடித்தாலும், சிறுநீரகம் கெட்டு மாண்டுபோகும். குழந்தைகளுக்கும் அதே அபாயம். அதன் நிறம் பச்சையாகவோ சிவப்பாகவோ சர்பத்தைப்போல் இருப்பது அபாயத்தை இன்னும் கூட்டுகிறது. வாய்க்காலிலோ, மாடு நீர் குடிக்கும் குட்டையிலோ, தொழுவத்தருகிலோ அதனைக் கொட்டலாகாது. மூடியுள்ள டப்பாவில் பிடித்து, விஷம் என்று எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்திருந்து, பழைய எண்ணெய் வாங்கி முறைப்படி அகற்றும் பட்டறையில் சேர்க்க வேண்டும். தரையில் சிந்தியதை மணல் தூவி வாரி எடுத்து, மிஞ்சிய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பின்னரே கால்நடைகளை அப்பக்கம் அவிழ்த்துவிடலாம்.